'ஈசிஎம் போச்சு' என்றால், சாட்சி எங்கே?

நம் தொழிலில் மிகச் சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய தீர்ப்பு ஒன்று உண்டு: 'ஈசிஎம் போச்சுங்க.' வண்டிக்காரரால் மறுத்துப் பேச முடியாது. பிளக் மாற்றியாயிற்று, பம்ப் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. மிச்சம் இருப்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் அந்த அலுமினியப் பெட்டிதான், ஆகவே அதுதான் குற்றவாளி. பழைய வண்டிகளில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பாகிறது. மிச்சமாக நிற்பதாலேயே ஒரு பாகம் பழுதாகிவிடாது. பழுது என்று எழுத வேண்டுமானால், பெட்டிக்குள் போகவேண்டிய கரண்டும் எர்த்தும் சிக்னலும் ஒழுங்காகப் போகின்றன, வெளியே வரவேண்டியது மட்டும் வரவில்லை என்று அளந்து காட்டியிருக்க வேண்டும். அந்த அளவு இல்லாத தீர்ப்பை யூகம் என்றே ஜாப் கார்டில் எழுதலாம்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்? 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ, அதே ஆண்டு திருவள்ளூரிலிருந்து வந்த மிட்சுபிஷி லான்சர், 1999இல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகான், இவற்றோடு அந்தக் கால ஹோண்டா சிட்டியும் எம்பிஎஃப்ஐ ஆன மாருதிகளும். 2000 ஏப்ரலில் 'இந்தியா 2000' புகை விதிகள் வந்த பிறகு கார்புரேட்டர் பெட்ரோல் கார்களிலிருந்து விடைபெறத் தொடங்கியது. அன்று பொருத்திய பெட்டிகளுக்கு இன்று கால் நூற்றாண்டு வயது. புதுப் பெட்டி கம்பெனியில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வண்டியின் சந்தை விலையை எட்டிப் பிடிக்கும். அதனால்தான் தப்பான தீர்ப்பு இங்கே கூடுதலாக வலிக்கிறது. நல்ல வண்டி ஒன்று அந்த ஒரு வரியாலேயே காயலான் கடைக்குப் போய்விடுகிறது.

முதல் ஏமாற்றுக்காரன் ஸ்கேனர். 'நோ கம்யூனிகேஷன்' என்று திரையில் வந்ததும் பெட்டி செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். நம் நாட்டில் ஓபிடி கட்டாயமானதே பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில்தான்: முதல் கட்டம் 2010 ஏப்ரல், இரண்டாம் கட்டம் 2013. அதற்கு முந்தைய வண்டியில் 16 கால் சாக்கெட் இருக்கலாம். உள்ளே பேசும் மொழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மலிவு ஸ்கேனருக்கு அது தெரியாமல் போனால் குற்றம் ஸ்கேனருடையது. ஆகவே திரையை நம்புமுன் சாக்கெட்டில் மீட்டரை வையுங்கள். 16ஆம் காலில் பேட்டரி வோல்ட் வர வேண்டும். 4, 5 இரண்டும் எர்த். 7ஆம் கால் கே-லைன். சாவி போட்ட நிலையில் அங்கே பேட்டரி வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட நிற்க வேண்டும். பூஜ்யத்தில் கிடந்தால் யாரோ அந்தக் கம்பியைக் கீழே இழுக்கிறார்கள் என்று பொருள். அது ஈசிஎம்மாக இருக்கலாம், அதே கம்பியில் தொங்கும் இம்மொபிலைசராகவோ ஏபிஎஸ் யூனிட்டாகவோகூட இருக்கலாம். பழைய ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஸ்டீரியோ சாக்கெட்டுக்கும் கே-லைன் போகிறது. வெளிக்கடையில் வாங்கிய பாட்டுப்பெட்டியை அப்படியே சொருகினால் ஸ்கேனர் ஊமையாகிவிடும். பாட்டுப்பெட்டியைக் கழற்றினால் பேச ஆரம்பிக்கும். இதற்காகப் பெட்டி மாற்றுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஸ்கேனர் இல்லாமலே பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க முடியும். சாவி போட்டதும் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், பம்ப் இரண்டு வினாடி ஓடி நிற்க வேண்டும். இரண்டும் நடந்தால் உள்ளே பிராசஸர் விழித்திருக்கிறது. இரண்டும் நடக்கவில்லை என்றால் சந்தேகம் நியாயம்தான், ஆனால் அதற்குள் ஈசிஎம்மை நோக்கி ஓட வேண்டாம். விற்கும்போது விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று மீட்டரிலிருந்து பல்பையே பிடுங்கிவைத்த புண்ணியவான்கள் நிறையப் பேர்.

இனி உண்மையான வேலை: கரண்டும் எர்த்தும். நம்மில் பலர் மல்டிமீட்டரை வைத்து '12 வோல்ட் வருது' என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். கம்பியில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 காட்டும். ஆனால் இன்ஜெக்டரும் காயிலும் கேட்கும் ஆம்பியரை அந்த ஒற்றை இழை தராது. லோடு கொடுத்து அளந்தால்தான் உண்மை தெரியும். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்ப் போதும், ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, கரண்ட் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே பல்பைப் போட்டு, பல்பின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ விழுங்குகிறது. ஒவ்வொரு கரண்ட் காலுக்கும் ஒவ்வொரு எர்த் காலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பெட்டிக்கு ஒரே ஒரு எர்த் என்று நினைப்பவர்கள் பின்-அவுட்டை ஒருமுறை பார்க்கட்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. பல வண்டிகளில் மெயின் ரிலேயை இழுப்பதே ஈசிஎம்தான். கப்ளரைக் கழற்றிவிட்டால் ரிலே 'டிக்' என்று இழுக்காது, கரண்ட் காலில் ஒன்றும் வராது. ரிலேயின் கன்ட்ரோல் கம்பியை நீங்களே எர்த்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இது தெரியாமல் 'வயரிங் கட்' என்று ஹார்னஸையே உரித்துப்போட்ட வண்டிகள் நம் பட்டறைகளுக்குத் தள்ளிக்கொண்டு வரப்படுகின்றன. இன்னொன்று, கப்ளரின் பெண் காலுக்குள் தடிமனான மீட்டர் முள்ளைக் குத்தாதீர்கள். கால் விரிந்துவிடும். அன்றுவரை இல்லாத பழுதை நாமே வைத்து அனுப்புவோம். பின்பக்கத்திலிருந்து குண்டூசி செருகி அளப்பதே முறை.

எர்த்துக்குத் தனியாகச் சில வரிகள் வேண்டும். ஈசிஎம் எர்த் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டிலோ சிலிண்டர் ஹெட்டிலோ ஒரு சின்ன போல்ட்டில் முடியும். ஹெட் வேலை பார்த்தவர் அதை மறந்திருப்பார், அல்லது பெயின்ட்டுக்கு மேல் முடுக்கியிருப்பார். எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் தடித்த எர்த் பட்டை விடுபட்டிருந்தால் இன்னும் மோசம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள், ஈசிஎம்மின் மெல்லிய எர்த் கம்பி என்று கிடைத்த பாதையில் எல்லாம் பாயும். செல்ஃப் அடித்ததும் ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட வண்டியில் பெட்டியைத் திறந்தால் போர்டில் எர்த் தடம் கருகிக் கிடக்கும். பெட்டி செத்தது உண்மைதான். கொன்றது அந்த எர்த் பட்டை. பட்டையைப் போடாமல் வேறு பெட்டி மாட்டினால் அதற்கும் அதே கதிதான். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் பட்டையின் யோக்கியதை தெரிந்துவிடும். பத்தில் ஓரிரு பங்கு வோல்ட் வந்தால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றிச் சுரண்டுங்கள்.

ஹோண்டாக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. 90களின் ஹோண்டாக்களில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு மெயின் ரிலே டப்பா. உள்ளே இரண்டு ரிலே: ஒன்று ஈசிஎம்முக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட் தரும், இன்னொன்று பம்ப்பை ஓட்டும். வெயிலில் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாது. கண்ணாடியை இறக்கிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கும். 'சூட்டில் ஈசிஎம் அவுட்' என்று எழுதத் தோன்றும். டப்பாவைத் திறந்து போர்டின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், சால்டரில் காலைச் சுற்றி மெல்லிய வட்டமாக விரிசல் தெரியும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் முடிந்தது. சித்திரை வெயிலில் வரும் சிட்டிகளுக்கு இதை முதலில் பாருங்கள்.

அடுத்து 5 வோல்ட். சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கும் இந்த வோல்ட்தான், என் கருத்தில், மொத்தப் பரிசோதனையின் மையம். சாவி போட்டு, த்ராட்டில் சென்சார் கப்ளரில் அளந்தால் 4.9க்கும் 5.1க்கும் நடுவே நிற்க வேண்டும். பூஜ்யமோ இரண்டோ காட்டினால் பெட்டியைப் பழிக்காமல் சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். த்ராட்டில், மேப், ஏசி பிரஷர் சென்சார், 5 வோல்ட்டில் ஓடும் ஹால் சென்சார் எதுவாக இருந்தாலும். எதைக் கழற்றும்போது மீட்டர் 5க்குத் தாவுகிறதோ அந்தச் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட். பல பெட்டிகளில் இந்த 5 வோல்ட் விழுந்தால் பிராசஸரும் சேர்ந்து தூங்கிவிடும். விளக்கு எரியாது, பம்ப் ஓடாது, ஸ்கேனர் பேசாது. பார்க்க அச்சு அசலாகச் செத்த ஈசிஎம் போலவே இருக்கும். எல்லாச் சென்சாரையும் கழற்றியும் 5 வரவில்லை. கப்ளரைப் பிடுங்கி அந்தக் கம்பியை அளந்தால் எர்த்தோடு ஒட்டவில்லை. கரண்டும் எர்த்தும் லோடில் தேறிவிட்டன. இவ்வளவும் ஆன பிறகும் பெட்டி 5 வோல்ட் தரவில்லையா? இப்போது சொல்லுங்கள், 'ஈசிஎம் போச்சு' என்று. கோர்ட்டில் நின்றாலும் செல்லும் சாட்சி அது.

கிராங்க் சென்சாரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் வராவிட்டால் பெட்டி இன்ஜெக்டரையும் ஸ்பார்க்கையும் தொடாது, பம்ப்பையும் இரண்டு வினாடியில் நிறுத்திவிடும். அது பெட்டியின் ஒழுக்கம், பழுதல்ல. செல்ஃப் அடிக்கும்போது டேஷ்போர்டின் ஆர்பிஎம் ஊசி துள்ளுகிறதா, ஸ்கேனரில் ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பார்த்தாலே முக்கால் வாசி தெரியும். ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அதேபோல் செல்ஃப் அடிக்கையில் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், வேறு எதையும் அளக்குமுன் பேட்டரியைக் கவனியுங்கள்.

பெட்டி சாகவே சாகாது என்று சொல்ல வரவில்லை. எல்லாப் பழியையும் ஈசிஎம் மேல் போடுவது ஒரு நோய் என்றால், அதைத் திறக்கவே பயப்படுவதும் ஒரு நோய்தான். உலகம் அறிந்த உதாரணம், அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் கூட்டாகத் தொடங்கிய டயமண்ட்-ஸ்டார் ஆலையின் வண்டிகள். 1990 முதல் 1994 வரை வந்த எக்ளிப்ஸ், லேசர், டேலன் மூன்றிலும் ஈசிஎம் போர்டின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிந்து, திரவம் செப்புத் தடங்களை அரித்தது. அதே காலத்து முதல் தலைமுறை லெக்ஸஸ் எல்எஸ் 400இலும் இதே வியாதி. ஐடில் ஏறி இறங்கும், கியர் தடுமாறும், ஒருநாள் ஸ்டார்ட்டே ஆகாது. மூடியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் சூட்டைப் பொறுத்தது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. நம்மூர் வெயிலில், கதவடைத்து நிற்கும் வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் 25 ஆண்டு இருந்த போர்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மாற்றுவது பெரிய வித்தை அல்ல. 105 டிகிரி தரத்தில், அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூட, புதியதைப் போட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவி, அரித்த தடத்துக்கு மெல்லிய கம்பி இழுத்தால் பெட்டி எழுந்துவிடும். சால்டரிங்கில் கை தேராதவர்கள் டிவி, இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்யும் நண்பரிடம் கொடுக்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இரண்டாவது உண்மையான சாவு, டிரைவர் டிரான்சிஸ்டர் எரிவது. நாலு இன்ஜெக்டரில் மூன்றுக்கு நாய்டு லேம்ப் மின்னுகிறது, நாலாவதில் இல்லை. கம்பி முழுசாக இருக்கிறது, எர்த்தோடு ஒட்டவில்லை, இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓமுக்குள் இருக்கிறது. அப்படியானால் உள்ளே அந்த டிரான்சிஸ்டர் போய்விட்டது. ஆனால் எந்த டிரைவரும் சும்மா போகாது. இரண்டு மூன்று ஓம் இன்ஜெக்டரை யாராவது மாட்டியிருப்பார்கள், காயில் பிரைமரி ஷார்ட் ஆகியிருக்கும், ஐடில் மோட்டாரின் சுருள் உள்ளே ஒட்டியிருக்கும். ஐடில் மோட்டாரை அளக்காமல் வேறு பெட்டி மாட்டுவது, எரிந்த ஃபியூஸுக்குப் பதில் இன்னொரு ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது மாதிரி. ஃபியூஸ் பத்து ரூபாய் என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. முன்பயணியின் காலடியில் பெட்டி இருக்கும் மாடல்களில், வண்டி காய்ந்து ஓடத் தொடங்கிய பிறகும் கப்ளர் கால்களில் பச்சை பூத்துக்கொண்டே போகும். தரைவிரிப்பைத் தூக்கி சேற்றுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கப்ளரைக் கழற்றிப் பார்க்காமல் எந்த முடிவும் வேண்டாம். விட்டுவிட்டு வரும் பழுதுக்குப் போர்டைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் சரிதான், ஆனால் கப்ளரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். ஆடுவது எது என்று அப்போதுதான் தெரியும். சூடானால் நிற்கும் வண்டிக்கு ஹேர் டிரையர் நல்ல துணை. பெட்டியை மட்டும் சூடாக்கி எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் போர்டில் ட்ரை சால்டரைத் தேடலாம்.

'புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையிலிருந்து ஒரு பெட்டி எடுத்து மாட்டிப் பார்த்துவிடலாமே' என்பது நியாயமாகத் தோன்றும் யோசனை. மேலே சொன்ன ஷார்ட்டுகளை அளந்து முடித்த பிறகென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு முன்பு என்றால் இரவல் பெட்டியும் போகும். ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும்; கப்ளர் பொருந்துவது போதாது. இம்மொபிலைசர் உள்ள வண்டியில் வேறு பெட்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகி உடனே அணைந்துவிடும். அதைப் பார்த்து 'இதுவும் டெட்' என்று இன்னொரு பெட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. பழைய போர்டின் எட்டுக்கால் ஈஈப்ராம் ஐசியில் இருக்கும் தகவலைப் புதிய போர்டுக்கு மாற்றினால் பல மாடல்களில் வேலை முடியும். எனவே கழற்றிய பெட்டி எவ்வளவு கருகியிருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். சாவியின் அடையாளம் அதற்குள்தான் இருக்கிறது.

நாம் நிறுத்தவேண்டிய ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்குவது. டைனமோ காலத்தில் அது செல்லுபடியானது. ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரியை விலக்கினால், லைனில் பாயும் வோல்ட் எவ்வளவு தெரியுமா? ஐஎஸ்ஓ 16750 தரநிலை 12 வோல்ட் வண்டிகளுக்கான சோதனையில் 79 முதல் 101 வோல்ட் வரை, 400 மில்லி வினாடி வரைக்கும் வைத்திருக்கிறது. புதிய பெட்டிகள் தாங்குவதற்கென்றே பாதுகாப்போடு வருகின்றன. 25 வயதுப் போர்டில் அந்தப் பாதுகாப்பு டையோடு எந்த நிலையில் இருக்கிறது என்று பிடுங்குமுன் யாரும் கேட்பதில்லை. மீட்டரை பேட்டரியில் வைத்தால் 14 வோல்ட் தெரியப்போகிறது, அவ்வளவுதானே! லாரி பேட்டரியின் 24 வோல்ட்டில் ஜம்ப் கொடுப்பதும், பேட்டரி கனெக்‌ஷன் இருக்கும்போதே சைலன்சருக்கு வெல்டிங் வைப்பதும் இதே வகை.

இவ்வளவும் செய்ய நேரம் ஆகும், அதற்குக் கூலி கேட்கத்தான் நமக்கு நாக்கு எழவில்லை. பாகம் விற்றால் லாபம், அளந்து சொன்னால் இலவசம் என்ற வழக்கம் இருக்கும்வரை பெட்டிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். சோதனைக்குத் தனி ரசீது போடுங்கள். அதில் எந்தக் காலில் எத்தனை வோல்ட், லோடில் எவ்வளவு இறங்கியது, எந்தச் சென்சாரைக் கழற்றியதும் என்ன ஆனது என்று எழுதிக் கொடுங்கள். இரண்டாவது பட்டறைக்குப் போகும் வண்டிக்கும் அந்தத் தாள் உதவும்.

அதற்கு நமக்குக் குறையாக இருப்பது நல்ல வண்டியின் அளவுகள். பழைய மாடல்களின் சர்வீஸ் மேனுவல் பலரிடம் இல்லை, இருப்பதிலும் பின்-அவுட் வரைக்கும்தான். ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டறைக்கு ஆயில் மாற்ற வரும் நல்ல சான்ட்ரோ, ஐகான், லான்சர், சிட்டி, எஸ்டீம் எதுவானாலும், கப்ளரின் பின்பக்கம் குண்டூசி செருகி, சாவி போட்ட நிலையில், செல்ஃப் அடிக்கையில், ஐடிலில் என்று மூன்று நிலையிலும் ஒவ்வொரு காலின் வோல்ட்டையும் குறித்து, மாடல், ஆண்டு, பெட்டியின் பார்ட் நம்பரோடு எங்களுக்கு எழுதுங்கள். பழுதான வண்டியின் கதைகள் எங்களிடம் ஏராளம். ஓடுகிற வண்டியின் எண்கள்தான் இல்லை. வருவதைச் சரிபார்த்து, மாடல்வாரியாக அட்டவணை போட்டு வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.